விட்டாரு, விட்டுட்டாரு: டர்பன்ல ஒரு டாக்குமெண்டரி சேனல்ல தப்பா போன ஒரு வரி

சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கிட்டயும் டைரக்டர்கிட்டயும் கேட்டுட்டு தான் இத எழுதறேன். யாரோட பேரும் இதுல வராது, சேனல் பேரும் வராது. டிரான்ஸ்கிரிப்ஷன், சப்டைட்டில், வாய்ஸ் ஓவர்னு இந்த வேலையில இருக்குற தமிழ் ஆளுங்க நெறைய பேரு தனித்தனியா வீட்டுல உக்காந்து தான் வேலை பாக்கறோம், ஒருத்தர் செஞ்ச தப்பு இன்னொருத்தருக்கு தெரியறதே இல்ல. அதான் நடந்தத ஆரம்பத்துல இருந்து எழுதி வைக்கறேன்.

பின்னணி

நான் தஞ்சாவூர் பக்கத்து ஆளு, தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து 14 வருசம் ஆச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு தமிழ் கிளாஸ், மத்த நாள்ல யாராவது தமிழ் ஃபுட்டேஜ் குடுத்தா கேட்டு எழுதி குடுக்கற வேலை. இங்க வயசானவங்க பேசற தமிழ பதிவு பண்ணணும்னு இப்ப நெறைய இளவட்டங்க கெளம்பியிருக்காங்க, ஆனா அவங்கள்ல பாதி பேருக்கு தமிழ் தெரியாது, அதனால என்னமாதிரி ஆளு தேவைப்படுது.

இந்த நாட்டுல டிவியே 1976 ஜனவரி 5-ஆம் தேதி தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி அரசாங்கமே வேணாம்னு தள்ளி போட்டுட்டு இருந்தது. அப்படி லேட்டா வந்த ஊர்ல இன்னைக்கு டிஷ் வச்சா டாக்குமெண்டரிக்குனே தனியா நாலஞ்சு சேனல் வருது. நான் சொல்றது அப்படி ஒரு கட்டண சேனல், 24 மணி நேரமும் டாக்குமெண்டரி மட்டும் தான், சீரியல் கெடையாது, செய்தி கெடையாது. அந்த மாதிரி சேனலுக்கு வாரத்துக்கு 168 மணி நேரத்த ரொப்பணும், அவ்வளவு படம் எங்க இருந்து வரும்? பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்து வாங்குனது தான், அப்புறம் ஒரே படத்த வாரத்துக்கு அஞ்சு ஆறு தடவ திருப்பி போடுவாங்க. ராத்திரி எட்டு மணிக்கு ஒண்ணு, மறுநாள் மத்தியானம் ஒண்ணு, விடியக்காலையில ஒண்ணுன்னு. பாக்கறவங்களுக்கு அது வசதி தான், ஒரு தடவ விட்டா இன்னொரு தடவ பாக்கலாம். ஆனா படத்துல ஒரு தப்பு இருந்தா அதுவும் அத்தன தடவ போகும்ங்கறது எனக்கு அப்ப தோணவே இல்ல.

அந்த சேனல் உள்ளூர் ஆளுங்ககிட்ட இருந்து வாங்குன கொஞ்சம் படத்துல ஒண்ணு தான் இது. டர்பன் கடற்கரையில கரைவலை இழுத்த தமிழ் குடும்பங்கள பத்தி 52 நிமிச படம். டைரக்டர் ஒரு சின்ன பொண்ணு, தமிழ் குடும்பம் தான், நாலாவது தலமுறையோ அஞ்சாவது தலமுறையோ, வீட்டுல தமிழ் நின்னு போயி ரொம்ப நாளாச்சு. 1860 நவம்பர் 16-ஆம் தேதி மெட்ராஸ்ல இருந்து ஒப்பந்த கூலிகள ஏத்திட்டு வந்த ட்ரூரோ கப்பல்ல இருந்து படம் ஆரம்பிக்குது, அதுல 342 பேரு வந்தாங்க, அப்புறம் 1911 வரைக்கும் வந்தவங்க 1 லட்சத்து 52 ஆயிரத்துக்கும் மேல. எல்லாரும் கரும்புக்காக வந்தவங்கன்னு தான் பொதுவா சொல்லுவாங்க, அதுல ஒப்பந்தம் முடிஞ்சதும் கடலுக்கு எறங்குனவங்களும் இருக்காங்க. 1917-ல உம்கேனி ஆத்துல வெள்ளம் வந்தப்ப ஆறு தமிழ் மீனவங்க ஒரு போட்ல திரும்ப திரும்ப போயி 176 பேர காப்பாத்துனாங்களே, பாடவட்டன் சிக்ஸ்னு இங்க சொல்லுவாங்க, அந்த கதையும் படத்துல வருது.

படத்தோட நடுத்தூண் ஒரு பாட்டி. இங்க பாட்டிய அவ்வானு தான் கூப்பிடுவாங்க, நானும் அப்படியே கூப்பிடறேன். வயசு 86. வீட்டுக்காரரு டர்பன் கடலோரத்துல பிளஃப்ங்கற ஏரியா பக்கம் சொந்தமா போட்டும் வலையும் வச்சு தொழில் பண்ணவரு. இனத்துக்கு ஒரு ஏரியான்னு 1950-ல போட்ட சட்டத்தால 60-கள்ல அங்க இருந்த இந்திய குடும்பங்கள காலி பண்ண வச்சு கடல விட்டு உள்ள தள்ளி இருக்கற சாட்ஸ்வொர்த்ல கொண்டு போயி விட்டாங்க. கடலுக்கு நடந்து போன ஆளுங்க, அதுக்கப்புறம் பஸ் புடிச்சு தான் கடல பாக்கணும்.

ஷூட்டிங்ல பாத்தது

மூணு வருசத்துக்கு முன்னாடி ஜூன் மாசம். சார்டின் வர்ற சீசன். தண்ணி குளிரும்போது தெக்குல இருந்து கோடிக்கணக்குல அந்த மீன் கரையோரமா நம்ம பக்கம் வரும், பின்னாடியே டால்ஃபின், சுறா, கேனட் பறவை எல்லாம் வரும், குளிக்கறவங்க பாதுகாப்புக்கு கடல்ல போட்டிருக்கற சுறா வலைய எல்லாம் சுறா போர்டுக்காரங்க முன்கூட்டியே கழட்டிருவாங்க. பெரிய பெரிய வெளிநாட்டு சேனல்காரங்க வந்து படம் புடிச்சிட்டு போற விசயம் அது. அதுல டால்ஃபின் வரும், பறவை வரும், கரையில நின்னு வலைய இழுக்குற மனுசன் மட்டும் ரெண்டு செகண்டு வந்துட்டு போயிருவான். அந்த ரெண்டு செகண்டு ஆளோட வீட்டுக்கு போகணும்னு தான் இந்த பொண்ணு படம் எடுத்துச்சு. அந்த யோசன எனக்கு ரொம்ப புடிச்சது, இன்னமும் புடிக்குது.

நானும் ரெண்டு நாள் கூட போயிருந்தேன். சாட்ஸ்வொர்த் வீட்டு பின்கட்டுல கீரைப்பாத்தி, அது மேல பழைய கரைவலைய விரிச்சு நாலு மூலையிலயும் கல்லு வச்சிருந்தாங்க, கொரங்கு வந்து புடுங்காம இருக்க. டர்பன்ல இருக்கறவங்களுக்கு அந்த கொரங்கு தொல்லை தெரியும். அந்த பாத்தி பக்கத்துல ஒரு ஸ்டூல்ல அவ்வாவ உக்கார வச்சு தான் மொத்த பேட்டியும் எடுத்தாங்க.

அவ்வா பேச்சு வட ஆற்காட்டு பக்கத்து தமிழ். "இருக்கு"னு நாம சொல்ற எடத்துல "கீது"னு வரும். நடுவுல இங்கிலீஷு, ஜூலு வார்த்த எல்லாம் வந்து விழும். மீன் கூடைய பக்கியில, அதாவது பிக்கப் வண்டியில, ஏத்துனோம்னுவாங்க, குடியிருந்த எடத்த லைன்னுவாங்க. பொறந்ததுல இருந்து இந்த ஊர தாண்டாத அம்மா, ஆனா பேசும்போது எனக்கு வேலூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கற மாதிரி இருந்துச்சு. மொத்தம் 11 மணி நேர ஃபுட்டேஜ், படத்துல வந்தது 9 நிமிசம்.

அதுல அவ்வா சொன்ன ஒரு வரிய இங்க அப்படியே எழுதறேன், ஏன்னா எல்லாமே இதுல தான் இருக்கு:

"சாட்ஸ்வொர்த்துக்கு வந்த வருசம் அவரு போட்ட விட்டுட்டாரு. வலை மட்டும் கீது."

போட்ட விட்டுட்டாரு, அதாவது தொழிலையே விட்டுட்டாரு. போட்ட வித்துட்டு, வலைய மட்டும் கொண்டாந்து கராஜ்ல மாட்டி வச்சாரு, அது தான் இப்ப கீரை மேல கெடக்கு. சொல்லும்போது அவ்வா வலையோட ஒரு ஓரத்த புடிச்சு இழுத்து சரி பண்ணாங்க.

தப்பு எப்படி உள்ள வந்துச்சு

நான் எழுதி குடுத்த டிரான்ஸ்கிரிப்ட்ல அந்த வரி இப்படி இருந்துச்சு: "சாட்ஸ்வொர்த்துக்கு வந்த ஆண்டு அவர் படகை விட்டார். வலை மட்டும் இருக்கிறது."

இது என் தப்பு. கை தவறி நடந்ததும் இல்ல, தெரிஞ்சே தான் அப்படி எழுதுனேன். 11 மணி நேரத்தையும் நான் அப்படி தான் எழுதியிருந்தேன், "கீது"வ "இருக்கிறது" ஆக்கி, "வருசம்"த்த "ஆண்டு" ஆக்கி. வயசான அம்மா, டிவியில வரப்போறாங்க, எழுத்துல வரும்போது கொஞ்சம் மரியாதையா இருக்கட்டுமேனு நெனச்சேன். கிளாஸ்ல பிள்ளைங்க நோட்ட திருத்தற பழக்கம் வேற. பேச்சுத் தமிழ எழுத்துத் தமிழா மாத்தறது திருத்தம்னு நமக்கு சின்ன வயசுல இருந்து சொல்லி குடுத்துருக்காங்க, அது ஒரு மொழிபெயர்ப்புனு யாரும் சொல்லி தரல. "விட்டுட்டாரு"ங்கறதுல அந்த நடு "ட்டு" வெறும் பேச்சு வழக்கு இல்ல, "விட்டு விட்டார்"ங்கறதோட சுருக்கம் அது, முடிஞ்சு போச்சு, இனி இல்லங்கறத அது தான் சொல்லுது. அத எடுத்துட்டா "படகை விட்டார்"னு ஆகுது, அதுக்கு போட்ட தண்ணியில எறக்குனாருனும் அர்த்தம் உண்டு. கப்பல் விட்டாரு, பஸ் விட்டாருனு சொல்றோம்ல, அந்த மாதிரி.

அடுத்து இத இங்கிலீஷுக்கு மாத்துனவரு ஜொகன்னஸ்பர்க்ல இருக்காரு, சென்னைக்காரரு, நல்லா தமிழ் தெரிஞ்சவரு. டைம் இல்லாததால வேலைய பிரிச்சு குடுத்திருந்தாங்க, அவருக்கு ஆடியோ போகல, என் எழுத்து மட்டும் தான் போச்சு. மீனவங்கள பத்தி படம், "படகை விட்டார்"னு இருக்கு, வேற என்ன நெனப்பாரு? அந்த வருசம் என் வீட்டுக்காரரு போட்ட கடல்ல எறக்குனாருனு எழுதி குடுத்துட்டாரு. எடிட்டருக்கு தமிழ் தெரியாது. அந்த வரி அவருக்கு ரொம்ப நல்லா இருந்திருக்கு, வெரட்டி விட்டும் மனுசன் கடல விடலயேனு. "வலை மட்டும் கீது"ங்கறது அதோட ஒட்டாம நின்னதால அத வெட்டிட்டாரு. அலைய கிழிச்சுட்டு போற போட்டோட பழைய ஃபிலிம் ஒண்ண மேல வச்சு மியூசிக்க ஏத்தி விட்டுட்டாங்க. படத்துலயே மனச தொடற எடம் அது தான்னு எல்லாரும் சொன்னாங்க.

கடைசியா வாய்ஸ் ஓவர். இங்கிலீஷ் இல்லாத பேச்சுக்கு சப்டைட்டில் வேணாம், மேல குரல் குடுத்துருங்கங்கறது சேனலோட வழக்கம். அவங்க சொன்ன காரணம் ஒண்ணும் மோசம் கெடையாது. டிவிய ஓட விட்டுட்டு வீட்டு வேலை பாக்கறவங்க நெறைய, வயசானவங்களுக்கு கீழ ஓடற எழுத்து தெரியாது, சின்ன டிவியில படிக்க முடியாது. எனக்கும் அப்ப அது தப்பா படல. 2011-ல டிஸ்கவரி தமிழ்ல தனி சேனலா வந்தப்ப எங்க வீட்டுல எல்லாரும் சந்தோசப்பட்டவங்க தான், வெள்ளக்காரன் வாய் அசையும், தமிழ் குரல் வரும், நமக்கு அது பழகிருச்சு. ஆனா அதுல புரியாத பாஷைய மறைச்சு நம்ம பாஷை வந்துச்சு. இங்க நம்ம பாஷைய மறைச்சு வேற பாஷை வருது, இந்த வித்தியாசத்த நான் யோசிச்சுருக்கணும்.

வாய்ஸ் ஓவர்ல முதல் ரெண்டு செகண்டு பேசறவங்களோட சொந்த குரல் கேக்கும், அப்புறம் அத தணிச்சுட்டு மேல நடிகையோட குரல் வரும். "சாட்ஸ்வொர்த்துக்கு வந்த வருசம்" வரைக்கும் தான் அவ்வா குரல் கேட்டுச்சு, "போட்ட விட்டுட்டாரு" அடியில போயிருச்சு. தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் பாத்தாலும் கண்டுபுடிக்க வழியில்ல. சேனல்ல க்வாலிட்டி செக் பண்ணாங்க, சவுண்ட் லெவல் பாத்தாங்க, கலர் பாத்தாங்க, எல்லாம் பாஸ்.

தெரிய வந்தது

ஞாயித்துக்கிழமை ராத்திரி முதல் தடவ ஓடுச்சு. அவ்வா வீட்டுல அன்னைக்கு லோட்ஷெட்டிங், கரண்ட் இல்ல, பாக்கல. திங்கக்கிழமை மத்தியானம் ரெண்டாவது தடவ. அன்னைக்கு சாயந்தரம் அவ்வா மகனுக்கு ஒரு ஃபோன் வந்திருக்கு. அப்பாவோட போட்ல கூட வலை இழுத்த ஒருத்தரோட மகள், அவங்களும் இப்ப அறுபத தாண்டுனவங்க.

கரைவலைங்கறது தனி ஆளு தொழில் இல்ல. ஒரு கயித்துக்கு ஒரு கூட்டம், இன்னொரு கயித்துக்கு ஒரு கூட்டம்னு கரையில நின்னு இழுக்கணும், வந்த மீன்ல போட்டுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவுனு பங்கு. ஊர காலி பண்ணப்ப அந்த கூட்டமே செதறி போச்சு, போட்டுக்காரரும் தொழில விட்டுட்டாரு, எல்லாரும் ஃபேக்டரி வேலைக்கும் முனிசிபாலிட்டி வேலைக்கும் போனாங்க. இப்ப 50, 60 வருசம் கழிச்சு டிவியில வந்து அவரு அந்த வருசமே போட்ட எறக்குனாருனு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்? அந்தம்மா கேட்டது இது தான்: "அப்ப எங்கப்பாவ விட்டுட்டு வேற ஆளுங்கள வச்சு தொழில் பண்ணாரா உங்கப்பா? எங்கப்பா சாகற வரைக்கும் போட்டு போயிருச்சு போயிருச்சுன்னு தானே சொன்னாரு."

மகனுக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. புதன்கிழமை விடியக்காலையில திரும்ப ஓடுனப்ப எழுந்து உக்காந்து பாத்திருக்காரு. ஆறு மணிக்கு டைரக்டருக்கு ஃபோன், ஆறரைக்கு டைரக்டர் எனக்கு. நான் என் ஃபைல தொறந்து பாத்தேன், எழுத்த பாத்தா சரியா தான் இருந்துச்சு, எனக்கே தப்பு தெரியல. ஒரிஜினல் ஆடியோவ ஹெட்ஃபோன்ல போட்டு கேட்ட பெறகு தான் அந்த "ட்டு" காதுல விழுந்துச்சு. மூணு தடவ ரீவைண்ட் பண்ணி கேட்டேன். அன்னைக்கு காலையில நான் சாப்பிடல.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அன்னைக்கே மத்தியானம் டைரக்டர், சேனல்ல படம் வாங்கறவங்க, நான், மூணு பேரும் பேசுனோம். அந்த வாரம் இன்னும் மூணு தடவ ஓடறதா இருந்துச்சு. நிறுத்தணும்னு டைரக்டர் சொன்னாங்க, சேனல் ஒத்துக்கிட்டாங்க, அந்த நேரத்துக்கு ஏற்கெனவே வாங்கி வச்சிருந்த ஒரு மிருக படத்த போட்டாங்க. இது ஈஸியா நடந்துச்சுனு சொல்ல மாட்டேன், மகன் ஒளிபரப்பு புகார் கமிஷனுக்கு எழுதலாமானு கேட்டுட்டு இருந்தாரு, அதுவும் ஒரு காரணம். ஆனா அவங்க அரை மணி நேரத்துல முடிவு பண்ணாங்க, அத சொல்லணும்.

அப்புறம் எப்படி சரி பண்றதுங்கறதுல தான் இழுபறி. சேனல் சொன்னது, நடிகைய திரும்ப ஸ்டுடியோவுக்கு கூப்பிட்டு அந்த ஒரு வரிய மட்டும் மாத்தி பேச வச்சுருவோம், அரை நாள் வேலை. டைரக்டரும் மொதல்ல அதுக்கு சரின்னு தான் சொன்னாங்க. நான் தான் ரெண்டு வாரம் டைம் கேட்டேன், மொத்த 11 மணி நேரத்தையும் என் டிரான்ஸ்கிரிப்ட வச்சுக்கிட்டு திரும்ப கேக்கறேன், காசு வேணாம்னு. ஒரு எடத்துல தப்பா போயிருந்தா வேற எடத்துலயும் போயிருக்கும்ல.

போயிருந்துச்சு. படத்துல வந்த 9 நிமிசத்துக்குள்ளயே இன்னும் ரெண்டு எடம். "லைன்ல தான் பொறந்தோம், லைன்ல தான் வளந்தோம்"னு அவ்வா சொன்னது கூலி ஆளுங்களுக்கு கட்டி குடுத்த வரிசை வீட்ட. நான் அத "வரிசையில்"னு எழுதி, அது இங்கிலீஷ்ல க்யூவுல நின்ன மாதிரி ஆயிருச்சு. இன்னொண்ணு சின்னது, மீன் பேரு. சார்டின்னு அவ்வா சொன்னத நான் மத்தினு போட்டிருந்தேன், நம்ம ஊரு மத்தியும் இங்க வர்ற சார்டினும் வேற வேற மீனு, அவ்வாவே "இது ஊர்ல கெடைக்கற மீனு இல்லனு எங்க தாத்தா சொல்லுவாரு"னு வேற எடத்துல சொல்லியிருக்காங்க.

சரி பண்ண முடியாத ஒண்ணும் இருந்துச்சு. டைரக்டர் பொண்ண பாத்து அவ்வா "நம்ம கடல்"னாங்க. "எங்க கடல்"னு சொல்லல. தமிழ் தெரியாத அந்த பொண்ணையும் சேத்துக்கிட்டு தான் சொன்னாங்க. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்த. அத அந்த பொண்ணுக்கிட்ட சொன்னப்ப கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

இந்த லிஸ்ட்ட எடுத்துட்டு போயி தான் அவ்வா வர்ற எடத்துல எல்லாம் வாய்ஸ் ஓவர எடுத்துட்டு சப்டைட்டில் போடுங்கனு கேட்டோம். அழகுக்காக கேக்கல. சப்டைட்டில்ல தப்பு வந்தாலும் மேல அவ்வா குரல் கேக்கும், தமிழ் தெரிஞ்ச ஒருத்தர், சாட்ஸ்வொர்த்லயோ சென்னையிலயோ, எழுத்து வேற குரல் வேறனு கண்டுபுடிச்சு சொல்லலாம். வாய்ஸ் ஓவர் அந்த சாட்சியவே அழிச்சுருது. மகன் இன்னொண்ண சொன்னாரு, அவருக்கு அம்மா தமிழ் பாதி தான் புரியும், பேரப்பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே புரியாது, ஆனா அந்த குரல் அவங்களுக்கு தெரியும், முப்பது வயசு நடிகையோட குரல அவ்வா குரல்னு அவங்க எப்படி ஏத்துக்குவாங்கனு. இந்த நாட்டோட 1996 அரசியல் சட்டத்துலயே மதிச்சு வளக்க வேண்டிய மொழிகள்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல தமிழும் பேரோட இருக்கு, அதையும் டைரக்டர் கடுதாசியில எழுதுனாங்க. சேனல்ல மூணு வாரம் யோசிச்சு, இந்த படத்துக்கு மட்டும்னு ஒத்துக்கிட்டாங்க.

தமிழ் எழுத்து பட்ட பாடு

டைரக்டருக்கு இன்னொரு ஆசை, அவ்வா பேசறதுக்கு கீழ அவ்வா பேசன மாதிரியே தமிழ் எழுத்தும் ஓடற ஒரு பிரதி வேணும், சனிக்கிழமை கிளாஸ் பிள்ளைங்களுக்கு காட்ட. இதுல ரொம்ப நாள் போச்சு, இந்த வேலையில இருக்கறவங்களுக்கு உதவும்னு கொஞ்சம் விரிவா சொல்றேன்.

சேனல்ல வாங்கற சப்டைட்டில் ஃபைலு எஸ்டிஎல்னு ஒரு ஐரோப்பிய ஃபார்மேட், 1991-ல வந்தது. அதுல லத்தீன், சிரிலிக், அரபு, கிரேக்கம், ஹீப்ரு எழுத்துக்கு தான் எடம் இருக்கு, தமிழுக்கு எடமே கெடையாது. அதனால எழுத்த படத்து மேலயே பதிச்சு தான் குடுக்கணும். பதிக்கற சாஃப்ட்வேர் பழசு, "கொண்டு"னு அடிச்சா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவுல ஒரு புள்ளி வட்டம். புள்ளி வச்ச எழுத்துல புள்ளி பக்கத்து எழுத்து மேல போயி உக்காந்துக்கும். கடைசியில ஒவ்வொரு வரியையும் வேற கம்ப்யூட்டர்ல படமா மாத்தி ஒண்ணொண்ணா ஒட்டுனோம்.

அடுத்து எழுத்து எண்ணிக்க. ஒரு வரிக்கு இவ்வளவு எழுத்து, ஒரு செகண்டுக்கு இவ்வளவு எழுத்து தான் படிக்க முடியும்னு சாஃப்ட்வேர்ல ஒரு கணக்கு இருக்கும், தாண்டுனா செவப்பு காட்டும். "விட்டுட்டாரு"வ எண்ணி பாருங்க, வி, ட், டு, ட், டா, ரு, நமக்கு 6 எழுத்து. கம்ப்யூட்டர் மெய்ய தனியா, உயிர்க்குறிய தனியா, புள்ளிய தனியா எண்ணும், அதுக்கு 12. இப்படி எல்லா வரியும் செவப்பாச்சு. செவப்ப பாத்து பயந்து வரிய சுருக்குனா என்ன நடக்கும்? "விட்டார்"னு சுருக்க தோணும், அது 8 தான். மறுபடியும் அதே குழியில விழுந்திருப்போம். கணக்க அணைச்சுட்டு, கிளாஸ் பிள்ளைங்க நாலு பேர உக்கார வச்சு படிக்க சொல்லி, அவங்க வேகத்த வச்சு டைமிங் போட்டேன்.

அப்புறம் நடந்தது

திருத்துன படம் ரெண்டரை மாசம் கழிச்சு ஓடுச்சு. ஆரம்பத்துல ஒரு கார்டு போட்டாங்க, முன்னாடி ஓடுன பிரதியில மொழிபெயர்ப்பு தப்பா இருந்துச்சு, அந்த குடும்பம் சாட்ஸ்வொர்த் வந்ததும் மீன் தொழில விட்டுட்டாங்கனு தெளிவா எழுதி. வெட்டுன "வலை மட்டும் கீது" திரும்ப வந்துச்சு, அலையில போற போட்டு போயி அந்த எடத்துல கீரைப்பாத்தி வந்துச்சு. மியூசிக் இல்ல. எடிட்டர் மொதல்ல தயங்குனாரு, போட்டு பாத்துட்டு அவரே இது தான் படம்னாரு. "லைன்"ங்கறத "லைன்ஸ்"னே வச்சுட்டு, பக்கத்துல வரிசை வீட்டோட பழைய ஃபோட்டோ ஒண்ணு வச்சாங்க.

படம் ஓடறதுக்கு முன்னாடியே மகன் அந்த பழைய கூட்டாளியோட மகள வீட்டுக்கு கூப்பிட்டு எல்லாருமா பாத்தோம். இந்த தடவ அவ்வாவும் முழுசா பாத்தாங்க. அந்த வரி வந்தப்ப கூட்டாளி மகள் அவ்வா கைய புடிச்சுக்கிட்டாங்க. அவ்வா எங்கிட்ட திரும்பி, "ஏன் டீச்சர், அந்த வலையில ஒரு கண்ணி அறுந்து கெடக்குதே, மொதல்லயே சொல்லியிருந்தா தைச்சு வச்சிருப்பேனே"னாங்க. உள்ள போயி வலை ஊசிய தேடி எடுத்துட்டு வந்து மகன்கிட்ட குடுத்தாங்க.

சேனல்ல பொதுவா வாய்ஸ் ஓவர் வழக்கம் மாறல, வெளிநாட்டு படத்துக்கு இன்னமும் அது தான். ஆனா உள்ளூர் படத்துல இங்கிலீஷ் இல்லாத பேச்சு வந்தா, கடைசி மிக்ஸ்ஸ அந்த மொழி தெரிஞ்ச ஒருத்தர் ஒரிஜினல் ஆடியோவோட வச்சு கேட்டு கையெழுத்து போடணும்னு கொண்டு வந்திருக்காங்க. நான் ரெண்டு படத்துக்கு போட்டுருக்கேன். ஜூலு படத்துக்கு ஜூலு தெரிஞ்சவங்க போடறாங்க.

இப்ப மாத்திக்கிட்டது, இன்னும் முடியாதது

டிரான்ஸ்கிரிப்ட்ட இப்ப ரெண்டு பத்தியா எழுதறேன். இடது பக்கம் காதுல விழுந்தது அப்படியே, "கீது"னா "கீது", இருமல் வந்தா இருமல். வலது பக்கம் எனக்கு புரிஞ்ச அர்த்தம், ரெண்டு விதமா அர்த்தம் வர்ற எடத்துல ரெண்டையும் எழுதி கேள்விக்குறி. இங்கிலீஷ் பண்றவருக்கு ஆடியோ இல்லாம எழுத்த மட்டும் அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டேன், ஒரு வேலை இதனால கை விட்டும் போச்சு. எடிட்டர் வெட்டற வரிக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு வரி என்னனு எனக்கு காட்டணும்னும் கேக்கறேன், ஏன்னா "வலை மட்டும் கீது"ங்கறத யாராவது என்கிட்ட காட்டி இது ஏன் ஒட்டலனு கேட்டிருந்தா அங்கயே புடிச்சிருப்போம்.

பேட்டிய படத்துல போட சம்மதம்னு ரிலீஸ் ஃபாரம் ஒண்ணு கையெழுத்து வாங்குவாங்க, அத இங்கிலீஷ்ல வாசிச்சு காட்டி தான் அவ்வாகிட்ட வாங்கியிருந்தாங்க. ஒரு வாரத்துல ஆறு தடவ ஓடும், வெளிநாட்டுக்கும் விப்பாங்கனு அவ்வாவுக்கு தெரியாது. இப்ப தமிழ்ல சொல்லி, அவங்க திருப்பி சொல்றத கேமராவுல பதிஞ்சுட்டு தான் அடுத்தது. டெலிவரி பண்றதுக்கு முன்னாடி வீட்டுக்கு போயி ஒரு தடவ போட்டு காட்டணும்ங்கறதையும் டைரக்டர் தன் பட்ஜெட்ல சேத்துட்டாங்க.

முடியாதது ஒண்ணு இருக்கு. தப்பு தெரிய வர்றதுக்கு முன்னாடியே பழைய பிரதி வெளிநாட்டு விற்பனைக்கு ஒரு டிஸ்ட்ரிபியூட்டருக்கு போயிருச்சு, அவங்க ரெண்டு எடத்துல குடுத்திருந்தாங்க. புது பிரதியும் ஒரு விளக்கமும் அனுப்புனோம். ஒரு எடத்துல மாத்திட்டோம்னு பதில் வந்துச்சு. இன்னொரு எடத்துல இருந்து இன்னும் வரல, டைரக்டர் மாசம் ஒரு மெயில் போட்டுட்டு இருக்காங்க, போன வாரமும் போட்டாங்க.